மணமனையும் ஆடலும்

(திருவண்ணாமலையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எனக்குக் குறிக்கப்பட்ட பொருள் வேறு. அழைப்பிதழில் 'நன்னூலும் நம் பிள்ளைகளும்' என்று அச்சிட்டிருக்கின்றனர். எனினும் நன்னூல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நூல். இன்னும் ஒரு திங்கள் காத்திருக்கும். காத்திருக்க இயலாதது வேறொன்று உளது. நம் சங்கத் திருமண மண்டபத்தில் மணவிழாக்களின்போது ஆடவரும் பெண்டிரும் ஆடுதல் கூடாது என்றொரு தீர்மானம் சென்ற செயற்குழுவில் முன்மொழியப்பட்டு, இன்றைய கூட்டத்தின் முடிவிற்கு விடப்பட்டிருக்கிறது. அத்தீர்மானத்திற்குக் காரணமாயமைந்த ஆட்டத்தை ஆடியவர்களுள் யானும் ஒருவன். குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் பக்கத்தைக் கூறிய பின்னர்த் தீர்ப்பளித்தலே முறை என்பதனால், தலைவரவர்களின் இசைவு பெற்றே இங்கு நிற்கின்றேன்.

முன்மொழிந்த பெரியவர் என் தந்தையாரின் நண்பர். எனக்கு முதன்முதல் ஆத்திசூடியை மணலில் எழுதுவித்தவரும் அவரே. அவர் நெஞ்சில் பகையில்லை என்பதை யான் அறிவேன். "வாத்தியாரே, நீயுமா?" என்று அன்று மாலை அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கே இன்று விடை கூற முயல்கின்றேன்.

என் அக்காளின் கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகளாயின. ஒரே மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அக்காளும் அவளோடு அங்கேயே இருக்கிறாள். மாப்பிள்ளை நம் உறவுப் பிள்ளையே. ஆனால் டொராண்டோ நகரில் வளர்ந்தவர். அந்நகரில் வாழும் தமிழர் பலருடைய வீடுகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. காலையில் தாலிகட்டு நம் முறைப்படி நடக்கும். மாலை வரவேற்பில் மணமக்கள் எல்லார் முன்னிலையிலும் கைகோத்து ஓர் ஆட்டம் ஆடுவர். அதன்பின் மணமகளும் அவள் தந்தையும் ஓர் ஆட்டம் ஆடுவர். இவ்வழக்கம் மேனாட்டாரிடமிருந்து வந்ததே. அதனை மறைப்பதிற் பயனில்லை.

மணநாளுக்கு இரண்டு மாதம் இருக்கையில் என் மருகி தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, நானும் அவரும் ஞாயிறுதோறும் ஆட்டம் பழகப் போகிறோம். அப்பா இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். அவர் இடத்தில் நீங்கள் வரமாட்டீர்களா?" என்றாள். யான் கூறிய விடையை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றேன். "உன் அப்பா இருந்திருந்தால் அவரும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்" என்றேன். இறந்தவர் வாயில் என் சொல்லை வைத்துவிட்டேன். அவள் "சரி மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நிற்க. தமிழ் கற்றவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் முன்னமே முடிவு செய்ததற்கு நூலாதாரம் தேடுவான். யானும் அன்றிரவு, குலமகளிர் ஆடவரோடு கைகோத்து ஆடுதல் தமிழர் மரபன்று என்று காட்டி அவளுக்கொரு கடிதம் எழுதக் கருதி நூல்களைப் புரட்டினேன். கையில் அகப்பட்டது பதிற்றுப்பத்து. அதிலும் ஐம்பத்திரண்டாம் பாட்டு. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். பாடப்பெற்றவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். முழவு ஒலிக்கும் துணங்கைக் கூத்தில் அச்சேரன் மகளிரோடு கைபிணைத்து, அவர்க்குத் தலைக்கை தந்து ஆடிவிட்டு அரண்மனை திரும்புகிறான். அரசிக்குச் சினம் மூண்டது. அவன்மேல் எறிவதற்கு ஒரு சிறிய செங்குவளை மலரை ஓங்கினாள். அவன் கைநீட்டி அம்மலரை இரந்தான். அவள் கொடாமற் போய்விட்டாள். தேவி கையிலிருந்த ஒரு பூவைப் பெறமாட்டாத நீ பகைவர் மதிலை எங்ஙனம் கொள்வாய் என்று புலவர் அவனைக் கேட்கிறார்.

பலமுறை பாடஞ்சொன்ன பாட்டுத்தான். 'தலைக்கை தருதல்' என்னுஞ் சொற்றொடருக்கு, ஆட்டத்தில் முதற்கை கொடுத்துப் பிறரை நடத்துதல் என்று உரையும் சொல்லியிருக்கின்றேன். அன்றிரவுதான் அதன் பொருள் கண்முன் நின்றது. அரசி சினந்தது அவன் ஆடியதற்காக அன்று, பிறரோடு ஆடியதற்காக. என் மருகியோ தன்னை மணக்கப்போகின்றவனோடு ஆட இசைவு கேட்கிறாள்.

மேலும் தேடினேன். குறுந்தொகை முப்பத்தொன்றாம் பாட்டில் ஆதிமந்தியார் தம் தலைவனைத் தேடும் இடங்களுள் ஒன்று மகளிர் தழுவியாடும் துணங்கைக் களம். தானும் ஆடுகளமகள், அவனும் ஆடுகளமகன் என்று அவர் கூசாது கூறுகிறார். ஆய்ச்சியர் குரவையிலோ எழுவர் மகளிர் வட்டமாக நின்று, ஏழிசையின் பெயரைத் தாங்கி, நண்டின் பிடிபோல விரல் கோத்து ஆடுகின்றனர். கண்ணகி காணவே அக்குரவை ஆடப்படுகிறது.

இவ்விடத்து ஒன்றைச் சற்று நின்று நோக்க வேண்டும். கண்ணகி காண்கிறாள், அவள் ஆடுவதில்லை. சங்கப் பாடல்களில் அரசனும் ஆடினான், ஊரவரும் ஆடினர். சிலப்பதிகாரத்தில் ஆடல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆயர் மகளிர் தமக்காகவும் தம் தெய்வத்திற்காகவும் ஆடுவது ஒன்று. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் உள்ள அரங்கில் ஏறி அரசன்முன் ஆடுவது மற்றொன்று. பெருங்குடி வணிகன் மகளாகிய கண்ணகி இவ்விரண்டிலும் இல்லை. மனையாள் ஆடமாட்டாள்; ஆடுபவள் மனையாளாகமாட்டாள். கோவலன் இவ்விரு பெண்டிர்க்கும் இடையே அலைந்தது இப்பிரிவினாலன்றோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மாணவர்க்கு இதனைச் சொல்வதில்லை, தேர்வில் எழுதிவிடுவார்கள்.

இப்பிரிவு நம் பாட்டனார் காலம்வரை தொடர்ந்து வந்தது. செல்வர் வீட்டுக் கலியாணமென்றால் பெரியமேளமாகிய நாகசுரமும் தவுலும் இருக்கும். சின்னமேளமாகிய சதிர்க் கச்சேரியும் இருக்கும். ஆடவந்தவளுக்குப் பொன்னும் பட்டும் கொடுத்தனர். நாலு ஊருக்கு அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டனர். அவளையே இழிகுலத்தாள் என்றுங் கூறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் எழுந்த எதிர்ப்பியக்கம், விழாக்களில் இச்சதிரை வைத்தலாகாது என்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் நெடுங்காலம் போராடிய பின் 1947இல் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தினால் ஒழிந்தது. இடையில், 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் எழுந்தது. இன்று நம் சங்கத்து வீடுகளில் பரதம் பயிலாத பெண்குழந்தைகள் மிகச் சிலரே. ஆண்டுவிழாவில் அவர்கள் ஆட நாம் முன்வரிசையில் இருந்து கைதட்டுகிறோம். அதே பெண் வளர்ந்து தன் திருமணத்தில் ஆடினால் கண்ணை மூடிக்கொள்கிறோம். பிறர் ஆடக் காசு கொடுத்துப் பார்த்தது நம் மரபென்றால், வீட்டார் தாமே ஆடுவது எவ்வாறு அதனினும் தாழ்ந்ததாகும்?

"ஆயினும் இது பரங்கியர் ஆட்டம்" என்பர். ஆம். ஆனால் பரங்கியரும் இதனை எளிதில் ஏற்றுக்கொண்டாரல்லர். இணைந்து சுழலும் வால்ட்ஸ் ஆட்டம் 1816இல் இங்கிலாந்து அரசப் பிரதிநிதியாயிருந்த இளவரசரின் விருந்தொன்றில் ஆடப்பட்டபோது, இலண்டன் டைம்ஸ் பத்திரிகை அதனை நாணமற்ற ஆட்டமென்று கடுமையாகக் கண்டித்தது. நம் பெரியவரின் தீர்மானத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதற்கும் முன்னர், 1589இல் பிரான்சு நாட்டில் துவானோ ஆர்போ என்னும் புனைபெயர் கொண்ட முதிய பாதிரியார் ஒருவர் ஆடல் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். ஆசிரியனும் மாணவனும் உரையாடுவதாக அமைந்தது அந்நூல். சட்டம் படித்துத் திரும்பிய இளைஞன் ஒருவன், அவையில் பெண்களோடு பழகத் தெரியாமல் மரம்போல் நிற்கும் தன் நிலையைச் சொல்லி ஆசிரியரை நாடி வருகிறான். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆடற்பள்ளிக்கு வருகிறவன் குறை அதுவே. இங்கிலாந்தில் 1924இல் ஆடலாசிரியர் கழகமொன்று தனிக் கிளை அமைத்து இவ்வாட்டங்களுக்கு அடியும் அளவும் வரையறுத்தது. நம் நாட்டிலேயே, பெரம்பூர், போத்தனூர், பொன்மலை போன்ற இரயில்வே ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் மணமக்கள் வால்ட்ஸ் ஆடி விருந்தைத் தொடங்குவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். நாம் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

கடிதம் எழுதப்படவில்லை. அடுத்த ஞாயிறு விடியுமுன் பேருந்தேறிச் செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் சென்றேன். கதவைத் திறந்த மருகி ஒன்றும் பேசவில்லை. அக்காள் மட்டும், "வந்தாயா தம்பி, காபி சாப்பிடு" என்றாள்.

ஆடற்பள்ளி ஒரு மாடியில் இருந்தது. மரத்தளம்; ஒரு சுவர் முழுதும் கண்ணாடி. ஆசிரியர் என் பழைய மாணவர்களினும் இளையவர். யான் வணங்கியபோது அவர் நாணினார். அவர் முதலிற் கற்பித்தது நிற்பதற்கு. நாற்பத்தேழு வயதில் எனக்கு நிற்கத் தெரியாது என்பதை அன்றறிந்தேன். கரும்பலகைக்கு முன் நின்று நின்று ஒருபுறம் சாய்ந்துபோன தோள் என்னுடையது.

வால்ட்ஸ் ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஆடவன் இடக்காலை முன்வைத்து, வலக்காலைப் பக்கவாட்டில் எடுத்து, இடக்காலை அதனோடு சேர்க்கவேண்டும். பின் வலக்காலைப் பின்வைத்து, இடக்காலைப் பக்கவாட்டில் எடுத்து, வலக்காலைச் சேர்க்கவேண்டும். ஆறடியில் தரையில் ஒரு சதுரம் வரைந்ததாகும். பெண் இதற்கு எதிர்மாறாக அடி வைப்பாள். தாளம் மூன்று எண்ணிக்கை. நிமிடத்திற்கு ஏறத்தாழ முப்பது சுற்று. ஆசிரியர் "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணினார். என் காலுக்கு அது விளங்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து என் அக்காள் "தகிட, தகிட என்று சொல்லிப் பாரேன்" என்றாள். சொன்னேன், கால் இசைந்தது. திசிர நடைதானே! ஆசிரியர் அச்சொல்லை எழுதி வாங்கிக்கொண்டார்.

மற்றோர் இடர்ப்பாடு. இவ்வாட்டத்தில் இணைகளெல்லாம் மன்றத்தைச் சுற்றிவருவது இடமாகவே. மன்றத்தின் நடு எப்பொழுதும் இடக்கைப்பக்கம் இருக்கும். யானோ சிறு வயதுமுதல் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம் வந்தவன். என் கால் தானாக வலப்பக்கம் திரும்பி, எதிரே வந்த இணையின்மேல் மோதியது. மூன்றாம் ஞாயிறுவரை இது தீரவில்லை. பின்னடி வைக்கும்போது வேட்டியின் ஓரத்தை மிதித்து ஒருமுறை விழுந்தும் இருக்கின்றேன். தாய்மாமன் மணநாளில் வேட்டிதான் உடுத்தவேண்டும் என்பதனால், ஆசிரியர் என்னை வேட்டியிலேயே பழகச் செய்தார்.

பெரியவர் அவர்கள் மனத்தில் உறுத்துவது தொடுதல். அதனையும் மறையாது கூறுகின்றேன். பெண்ணின் இடத்தோள் எலும்பின்மேல் ஆடவனின் வலக்கை. அவள் வலக்கை இவன் இடக்கையில். இவ்வளவே. அக்கை எங்கே இருக்கவேண்டும், எங்கே இருத்தலாகாது என்று ஆசிரியர் மூன்று நாள் கற்பித்தார். நம் மண ஊர்வலங்களில் குடித்துவிட்டு மாப்பிள்ளை வண்டிக்கு முன்னே ஆடுகிற ஆட்டத்திற்கு எவரும் மூன்று நிமிடங்கூடக் கற்பித்தாரில்லை.

நான்காம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே செல்வேன். மருகியும் யானும் திருப்பம் ஒன்றில் தடுமாறினோம். அக்காள் எழுந்து வந்து, "இதோ பார்" என்று சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு அத்திருப்பத்தைச் செய்துகாட்டினாள். ஒரு பிழையுமில்லை. ஒரு மாதம் நாற்காலியில் இருந்து பார்த்தே கற்றிருந்தாள். இங்குள்ள மூத்த தாய்மார்களுக்கு நினைவிருக்கும்: இவ்வூரில் எந்த வீட்டு விசேஷத்திலும் கும்மிக்குத் தலைப்பாட்டு எடுத்தவள் அவள். கணவர் மறைந்த நாள்முதல் அவளை யாரும் கும்மிக்கு அழைக்கவில்லை, அவளும் வரவில்லை. ஒன்பது ஆண்டு. யானும் அழைக்கவில்லை என்பதை இங்குச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மணநாள் காலையில் நீங்கள் அனைவரும் வந்திருந்தீர்கள். மணமேடையருகே அக்காள் இல்லை. தாரை வார்க்க என்னையும் என் மனைவியையும் நிறுத்திவிட்டு, பெற்றவள் அடுக்களை வாயிலில் தூணுக்குப் பின்னே நின்றாள். வழக்கம் அது, யாரும் தள்ளவில்லை, தானே நின்றாள். மாலையில் மணமக்கள் ஆடி முடித்தபின் மருகி என்னை அழைத்தாள். ஆடினேன். பெரிதாகப் பிழை செய்யவில்லை. பாட்டு நடுப்பகுதிக்கு வந்தபோது அவள் என் காதருகே, "மாமா, அம்மாவை அழைக்கட்டுமா?" என்றாள். யானே சென்று அக்காளின் கையைப் பிடித்து அழைத்துவந்து மகள் கையில் கொடுத்தேன். இந்த ஆட்டத்திற்கு விதவை வரலாகாது என்று எந்தச் சாத்திரமும் எழுதப்படவில்லை; புதிதாதலின் எழுத நேரமில்லை போலும். தாயும் மகளும் ஆடியது மூன்று நிமிடமிருக்கும். பெரியவர் அவர்கள் அதற்கு முன்னரே எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் அதனைக் காணவில்லை என்பதே என் வருத்தம்.

இவ்வூரில் ஆணும் பெண்ணும் சேர்ந்தாடுவது கேளாத செய்தி என்று தீர்மானத்தின் முகவுரையில் கண்டேன். நாம் நாள்தோறும் நுழைகின்ற கிழக்குக் கோபுர வாயிலின் உட்புறத்தில் ஆடற்கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன, நிமிர்ந்து பார்ப்பதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை, மலைமேல் சுடர் எழுவதற்குச் சற்று முன்னர், ஆண்டிற்கொருமுறை அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் ஆடியவண்ணம் வெளியே எழுந்தருளுகிறார். அதைக் காணத்தான் நாம் நெரிசலில் நிற்கிறோம். ஓருடலில் பாதி ஆண், பாதி பெண். முகவுரையின் அவ்வொரு வரியையாவது எடுத்துவிடுமாறு வேண்டுகின்றேன்.

ஆடலின் பெயரால் நடப்பனவற்றையெல்லாம் யான் தாங்கவில்லை. சினிமாப் பாட்டிற்குக் குடும்பத்தார் முப்பது பேரை வரிசையில் நிறுத்த, வட்டிக்குக் கடன் வாங்கிப் பயிற்சியாளரை அமர்த்திய வீடு நம்மிடையே உண்டு. ஆடமாட்டேன் என்று கூசும் அத்தையைக் கைப்பிடித்து இழுத்து, அவள் தடுமாறுவதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும் உண்டு. அது கொடுமை. படப்பிடிப்பாளர் சொல்கிறபடி மணமக்கள் மும்முறை ஆடிக்காட்டுவது எனக்கு நகைப்பை விளைக்கிறது. எங்கள் ஆட்டத்தில் எனக்கு மிஞ்சியது அந்த மூன்று நிமிடமன்று; அதற்கு முந்திய ஆறு ஞாயிறுகள். மருகியோடு யான் அத்தனை நேரம் அதற்குமுன் பேசியதில்லை. மாப்பிள்ளைப் பிள்ளையும் என்னைப்போலவே கால் இடறினார். ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டபின் 'மாமா, மாப்பிள்ளை' என்று விறைத்து நிற்பது எங்ஙனம்?

ஆதலின் தீர்மானத்தைத் திருத்துமாறு வேண்டுகின்றேன். மண்டபத்தில் மதுவருந்தி வருவோரை விலக்குக. இதில் பெரியவரோடு யான் முழுதும் ஒன்றுபடுகின்றேன். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதனை எழுதி வாயிலில் ஒட்டுக. ஆட விரும்பாதவரை வற்புறுத்தலாகாது என்று ஒருவரி சேர்க்க. 'ஆடவரும் பெண்டிரும் ஆடுதல் கூடாது' என்னும் வரியை அடித்துவிடுக.

இன்னும் ஒன்று. என் அக்காள் இரண்டு மாதம் இங்கே தங்க வந்திருக்கிறாள். வரும் ஞாயிறு முதல் மாலை நான்கு மணிக்கு மண்டபத்தின் மேல்மாடியில் பெண்பிள்ளைகளுக்குக் கும்மியும் பின்னற் கோலாட்டமும் சொல்லிக்கொடுக்க இசைந்திருக்கிறாள். கோல்கள் பன்னிரண்டு இணை எங்கள் வீட்டுப் பரணில் உள்ளன. கயிறு மட்டும் புதிதாக வாங்கவேண்டும். தாய்மார்களும் வரலாம். தீர்மானத்தைத் தலைவர் அவர்கள் இனி வாக்கிற்கு விடலாம்.